அமெரிக்காவில் இன்னும் வெள்ளிக்கிழமை

12 ஜனவரி 2013, சனி

38 பாகை. காலை பத்து மணிக்கே யன்னல் சீலைகளை இழுத்து மூடியாயிற்று. அமெரிக்காவிலிருந்து மெல்பேர்ண் வீட்டுக்கு வந்து நாலு நாள். நித்திரை இன்னும் சரிவரவில்லை. அம்மா நாலு வருஷத்துப் புட்டையும் நாலு நாளில் தீத்திவிடப் பார்க்கிறா.

செய்ய: தலைமயிர் வெட்டு. பல் டொக்டர். தங்கச்சி அபிக்குக் கொண்டுவந்த சப்பாத்து அளவில்லை, திரும்பக் கொண்டுபோக. பட்டியல்.

பட்டியல் ஏற்கனவே பிரிஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. எழுதியது நான் இல்லை, அப்பா. ஊரில் கணக்கு வாத்தியார். இங்கே நகரத்தின் மற்ற அந்தத்தில், ட்ருகனினாவில், சாமான் கிடங்கில் பதினொரு வருஷம் மேற்பார்வை பார்த்தும் இன்னும் கரும்பலகைக் கையெழுத்துத்தான்.

1. சிக்காகோ
2. டிட்ரோயிட்
3. பிட்ஸ்பேர்க்

மூன்றும் பெரிய ஆஸ்பத்திரிகள். மூன்றுக்கும் இன்ரர்வியூ போனேன். நான் போக விரும்பும் இடம் அதில் இல்லை. அது ஒஹாயோவில் ஒரு சின்ன ஊர். பெயரைச் சொன்னால் அமெரிக்கர்களுக்கே தெரியாது. இனி இங்கே சி.ஊர்.

விஷயத்தை ஒருமுறை ஒழுங்காக எழுதிவைக்கிறேன், விளக்கி விளக்கி வாய் உளைகிறது. நான் படிப்பது ஒஸ்ரியோபதி மருத்துவக் கல்லூரியில், கடைசி வருஷம். பட்டம் டி.ஓ. அமெரிக்காவில் டி.ஓ.வும் எம்.டி.யும் ஒரே வார்ட், ஒரே மருந்து, ஒரே வேலை. முடித்தபின் மூன்று வருஷம் பொது மருத்துவப் பயிற்சி. அதற்கு நாங்கள் ஆஸ்பத்திரிகளை வரிசைப்படுத்தி அனுப்ப, ஆஸ்பத்திரிகள் எங்களை வரிசைப்படுத்தி அனுப்ப, கொம்பியூட்டர் பொருத்திவிடும். டி.ஓ. ஆட்களுக்கு இது இரண்டு தரம். முதலில் எங்கள் ஆஸ்பத்திரிகளுக்கு மட்டும். பிறகு எல்லாருக்கும் பொதுவாக. முதலாவதில் இடம் கிடைத்தால் இரண்டாவதிலிருந்து பெயரை வெட்டிவிடுவார்கள். மாற்றமுடியாது.

சி.ஊர் முதலாவதில். அப்பாவின் மூன்றும் இரண்டாவதில்.

முதலாவது பட்டியல் மூடுவது 25ஆம் திகதி வெள்ளி, மாலை 5 மணி.

அப்பாவின் கட்டளை: "முதலாவதில ஒண்டும் போடாதை. அதில போய் மாட்டினா, பிறகு இஞ்ச உன்னை டொக்டர் எண்டு ஆர் எடுப்பினம்?"

14 ஜனவரி, திங்கள்

பொங்கல். அம்மா மின்சார அடுப்பில் பொங்கவைத்து, பால் வழிந்து, அபி ஓடிப்போய் புகை அலாரத்துக்கு துவாய் வீசினாள். இந்த வீட்டில் சிரித்தது அப்போது மட்டும்.

பின்னேரம் யோகன் அங்கிள் வந்தார். இருபது வருஷமாக இங்கே ஆஸ்பத்திரியில் பெரிய டொக்டர். அப்பாவோடு ஊரில் படித்தவர். வந்தவரை அப்பா உள்ளே விடாமல் கார் நிறுத்துமிடத்திலேயே மறித்துக் கதைத்தார். என் அறை யன்னல் அந்தப் பக்கம். தங்களை ஒருவரும் கேட்கவில்லை என்று நினைப்பு.

"யோகன், ஆரும் கேட்டா எம்.டி. எண்டே சொல்லுங்கோ. மற்ற விளக்கம் ஒண்டும் வேண்டாம்."

"ரெண்டும் அங்க ஒண்டுதானே, பரம். ஏன் ஒளிக்கிறியள்?"

"உங்களுக்குத் தெரியும். சனத்துக்குத் தெரியாதே."

பிரதான வீதியில், பொரித்த மீன் விற்கிற கடைக்குப் பக்கத்தில், ஒஸ்ரியோபதி என்று ஒரு போர்ட் இருக்கிறது. நாரி பிடித்து இடுப்பு நிமிர்த்தமுடியாதவர்களுக்கு முறித்துவிடுகிற இடம். இந்த நாட்டில் அந்தச் சொல்லுக்கு அவ்வளவுதான் அர்த்தம். அம்மா அந்தச் சொல்லை வாயில் எடுப்பதே இல்லை. "அமெரிக்காவில மெடிசின்" என்பதோடு நிற்பாட்டிக்கொள்ளுவா.

பொங்கல் ஒரு கரண்டிக்கு மேல் இறங்கவில்லை. அம்மா கேட்டா, "என்னடா, இனிப்புக் கூடிப்போச்சோ?"

எம்.டி. மாணவர்களுக்கு ஒரு சோதனை. நாங்கள் எங்களுடையதையும் எழுதி, அவர்களுடையதையும் எழுதவேண்டும், இல்லாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிகள் திரும்பியும் பார்க்காது. இரண்டையும் எழுதினேன். இரண்டிலும் நல்ல புள்ளி. எல்லாம் எதற்கு, அப்பா கார் நிறுத்துமிடத்தில் நின்று என்னை ஒளிக்கவா?

17 ஜனவரி, வியாழன்

நரக வெக்கை. அப்பா வேலையால் வந்து சேட்டைக் கழற்றிவிட்டு நிலத்தில் படுத்தார். அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம், மெல்பேர்ணை முழுசாகக் குறுக்கறுத்து ஓடிவருகிற மனுஷன். பாவம் என்று வந்தது. பிறகு கார் நிறுத்துமிடம் ஞாபகம் வந்து, வந்த பாவம் போய்விட்டது.

டொக்டர்மாரைப் பதிகிற அலுவலகத்துக்கு ரெலிபோன் எடுத்தேன். முப்பத்தைந்து நிமிஷம் பாட்டுக் கேட்டேன். பிறகு ஒரு பெண். அன்பான குரல். பயிற்சியை முடித்துவிட்டு விண்ணப்பியுங்கள், அவரவர் விஷயத்தைத் தனித்தனியாகப் பார்ப்போம். சிக்காகோவில் முடித்தால்? தனித்தனியாகப் பார்ப்போம். ஒஹாயோவில் முடித்தால்? தனித்தனியாகப் பார்ப்போம்.

அப்பாவிடம் அப்படியே சொன்னேன்.

"அவளுக்கென்ன தெரியும்? சிக்காகோ எண்ட பேரைப் பாத்தா எடுப்பினம்."

சிக்காகோ என்னை எடுக்கவேண்டுமே முதலில். அதை அவர் யோசிக்கிறதாகத் தெரியவில்லை. போன வருஷம் எங்கள் கல்லூரியில் ஒருவன் இப்படித்தான் முதலாவதை விட்டான், இரண்டாவதிலும் ஒன்றும் விழவில்லை. இப்போது ஆய்வுகூடத்தில் எலிகளுக்குச் சாப்பாடு போடுகிறான். அவன் அமெரிக்கன், எலியோடாவது இருக்கலாம். எனக்கு விசாவும் முடியும்.

20 ஜனவரி, ஞாயிறு

கிளேட்டனுக்கு பஸ்ஸில். தலைமயிர் வெட்டியாயிற்று. பழைய கம்பஸ் வாசலைக் கடந்து போனேன். இங்கே மருத்துவத்துக்கு இரண்டு தரம் விண்ணப்பித்தேன், இரண்டு தரமும் இல்லை. கிளென் வேவர்லியில் வீடு வாங்கியதே பள்ளிக்கூடத்துக்காக, பள்ளிக்கூடம் மருத்துவத்துக்காக. அந்த வீட்டில் இப்போது நானும் பொய்யும்.

ஏன் சி.ஊர்? நேர்மையாக எழுதவேண்டும்.

ஒக்ரோபரில் அங்கே ஒரு மாதம் வேலை பழகினேன். நூற்றிச்சொச்சம் கட்டில். கன்ரீனில் வெள்ளிக்கிழமை மட்டும் சூப் நல்லாயிருக்கும். பயிற்சிக்குப் பொறுப்பான டைரக்டர், அறுபது வயது மனுஷி, அவவும் டி.ஓ. மூச்சு வாங்கி வந்த ஒரு கிழவனைப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பி, நீ என்ன செய்வாய் என்று கேட்டா. கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றா. நான் சொல்லிமுடிக்கும்வரை நின்றா. உடம்பில் கட்டின தண்ணீரை இறக்குகிற மருந்தைக் கூட்டவேண்டும் என்றேன். கூட்டச் சொல்லி எழுதினா. அடுத்தநாள் கிழவன் கட்டிலில் இருந்து பேப்பர் வாசித்தான்.

அவ்வளவுதான். பெரிய கதை இல்லை. ஆனால் அந்த மாதம் முழுக்க ஒருவரும் நான் என்ன டொக்டர் என்று கேட்கவில்லை.

சிக்காகோவில்: இருபது நிமிஷம். அதில் பாதி, இன்ரர்வியூ எடுத்தவர் போனைப் பார்த்தார். உங்கள் கல்லூரி எந்தப் பக்கம் என்று கேட்டார். டி.ஓ. ஆட்களை எடுப்பீர்களா என்றேன். நாலு வருஷத்துக்கு முன் ஒருவர் இருந்தார் என்றார், செத்துப்போனவரைச் சொல்லுகிற மாதிரி.

ஆனால் சி.ஊருக்குப் போனால் இங்கே திரும்புவது கஷ்டம். யோகன் அங்கிளும் அன்றைக்குச் சொல்லிவிட்டுத்தான் போனார், சின்ன இடத்துக் கடதாசியை இங்கே கிளறுவார்கள் என்று. எனக்கு இங்கே வர ஆசை இல்லை என்று எழுதினால் பொய். பஸ்ஸில் வரும்போது கூட யோசித்தேன், இந்தப் பக்கம் ஒரு கிளினிக், அம்மாவின் சாப்பாட்டுப் பெட்டி.

வீட்டுக்கு வந்து முதலாவது பட்டியலில் சி.ஊரைப் போட்டேன். உறுதிசெய்யவில்லை.

22 ஜனவரி, செவ்வாய்

சொன்னேன். சாப்பாட்டு மேசையில். "நான் ஒஹாயோவைப் போடப்போறன்."

அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். கை கழுவிவிட்டு வந்து கதிரையில் இருந்தார். "அப்ப நாங்கள் இஞ்ச ஆருக்காக இருந்தனாங்கள்?"

அம்மா அழத் தொடங்கினா. அபி, "அண்ணா, இட்ஸ் யுவர் லைஃப்," என்று சொல்லிவிட்டு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். சொல்லுவது சுகம், கதவும் இருக்கிறது.

எனக்கு இருபத்தெட்டு வயது. நெஞ்சு நின்றுபோனவரை அமுக்கி எழுப்பியிருக்கிறேன். அப்பாவிடம் சொன்னது: "சரி. எடுத்துவிடுறன்."

கோழை.

25 ஜனவரி, வெள்ளி

அப்பா லீவு போட்டார். பத்தரைக்கு முன் முடிக்கவேண்டுமாம், பிறகு ராகுகாலம். ஒன்றும் அனுப்பாமல் விடுவதற்கும் நல்லநேரம் பார்க்கிற ஒரே குடும்பம் இதுவாகத்தான் இருக்கும்.

9.50. பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். சி.ஊரை அழித்தேன். பட்டியல் வெறுமை. "வடிவாப் பார், இல்லைத்தானே?" இல்லை என்றேன். என் முதுகில் தட்டினார். அந்தக் கை அரைமணித்தியாலம் சுட்டது.

மாலை ஐந்துக்கு குசினி மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, "அஞ்சு. முடிஞ்சுது," என்றார். பெருமூச்சு வேறு.

முடியவில்லை. அது அமெரிக்காவின் ஐந்து மணி. எங்களுக்குப் பதினாறு மணித்தியாலம் பின்னால். அங்கே வெள்ளி இப்போதுதான் தொடங்குகிறது. இங்கே நாளை காலை ஒன்பதுக்குத்தான் மூடும். எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

ஐந்தரைக்கு யோகன் அங்கிளுக்கு ரெலிபோன். "ஓம் ஓம், சிக்காகோ சரிவந்த மாதிரித்தான்." நான் இரண்டு அடி தள்ளி நிற்கிறேன். கண்ணைப் பார்த்துக்கொண்டே சொல்லுகிறார்.

26 ஜனவரி, சனி

இந்த நாட்டின் தேசிய தினம், விடுமுறை. தெரு அமைதி. குளிர்ந்துவிட்டது, மேலில் காற்றுப் பட நல்லாயிருந்தது.

6.40க்கு எழும்பினேன். லப்டொப். சி.ஊரைத் திரும்பப் போட்டேன். ஒரே ஒரு வரி. நிச்சயமா என்று கேட்டது. நிச்சயம். உறுதிசெய்தாயிற்று என்று ஈமெயிலும் வந்தது. குசினியில் யாரோ கேத்தில் வைக்கிற சத்தம், அம்மாவாக்கும் என்று நினைத்தேன். வென்ற மாதிரி இருந்தது. எல்லாரையும் பேய்க்காட்டி ஏமாற்றிய சந்தோஷம். எழுத வெட்கம், ஆனால் இருந்தது.

8.10. கதவில் தட்டு. அப்பா தட்டுகிற ஆள் இல்லை. சாரத்தோடு வந்து கட்டில் விளிம்பில் இருந்தார். கையில் தேத்தண்ணி, எனக்கு. ஆறிப்போயிருந்தது.

"தம்பி, நேற்று நான் மணியைப் பிழையாப் பாத்திட்டன். நாலு வருசமா ஞாயிறு ஞாயிறா மணி எண்ணித்தானே உனக்கு ரெலிபோன் அடிக்கிறனான். நேற்று மறந்துபோனன். அங்க இன்னும் வெள்ளிதான். அஞ்சடிக்க இன்னும் அம்பது நிமிசம் இருக்கு."

தெரியும் என்று சொல்லியிருக்கவேண்டும். தேத்தண்ணியைக் கையில் வாங்கினேன்.

"இரவு நித்திரை இல்லை. கொம்மாவும் நானும் கதைச்சனாங்கள். நீ உன்ர அந்தச் சின்ன ஊரைத் திரும்பப் போடு. இஞ்ச எடுக்காட்டி விடட்டும். நாங்கள் அங்க வந்து பாக்கிறம்." பிறகு, நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "டி.ஓ. எண்டே சொல்லுறன் இனி. யோகனுக்கும் சொல்லுறன்."

நான் கோப்பைக்குள்ளே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் அழப்போகிறேன் என்று நினைத்திருப்பார். "சரி சரி, நேரம் போகுது, எடு," என்று அவரே லப்டொப்பை மடியில் வைத்துத் திறந்தார். பக்கம் மூடாமல் அப்படியே கிடந்தது. சி.ஊர், ஒரு வரி. கீழே: உறுதிசெய்தது வெள்ளி, பிற்பகல் 2.52.

கண்ணாடி இல்லை. கிட்டக் குனிந்து வாசித்தார். பிறகு விரல் மடித்து எண்ணினார், வகுப்பில் எண்ணுகிற மாதிரி, சத்தமாக.

"ரெண்டு அம்பத்திரண்டு. பதினாறைக் கூட்டினா, இஞ்ச ஆறு அம்பத்திரண்டு."

நான் "அப்பா" என்றேன்.

"நான் அப்ப குசினிக்க நிண்டனான். உனக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியாம, இந்தத் தேத்தண்ணியை ஊத்தி வைச்சுக்கொண்டு." லப்டொப்பை மெல்ல மூடி என் பக்கம் தள்ளினார். "கூப்பிட்டிருக்கலாமேடா."