அவையடக்கம்

2.2.93, செவ்வாய்

மண்ணெண்ணெய் முடிந்துவிட்டது. இனிப் பகலில்தான் எழுத்து. பள்ளிக்கூடம் ஒரு மணிக்கு. அது விட்டு இருட்டுமுன் அரை மணி நேரம் எனக்கு.

காங்கேசன்துறையில் எங்கள் பள்ளிக்கூடம் இருந்தது. இப்போது இடம்பெயர்ந்து இணுவிலில், இன்னொரு பள்ளிக்கூடத்தின் கட்டடத்தில், பின்னேரம் மட்டும் நடக்கிறது. காலையில் இருந்தவர்களின் சூடு வாங்குப் பலகையில் ஆறுமுன் நாங்கள் போய் இருக்கிறோம்.

மாணவ தலைவனாக இருந்தவன் கிளாலிக் கடலால் கொழும்புக்குப் போய்விட்டான். நேற்று அதிபர் இராசநாயகம் சேர் உயர்தர வகுப்புக்கு வந்தார்.

“ஆர் எலக்சன் கேக்கப் போறியள்?”

ஒருவரும் எழும்பவில்லை. பின்வாங்கிலிருந்து ஒரு குரல்: “அருந்ததி, சேர்!” பிறகு எல்லோரும். மேசையில் தட்டினார்கள்.

ஏன் என்று எனக்குத் தெரியும். போன வியாழக்கிழமை.

4.2.93, வியாழன்

எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் அவர்கள் சொல்வதை நானும் நம்பிவிடுவேன்.

28ஆம் திகதி. இடைவேளை. நான் முற்றத்தில், தண்ணீர்த் தொட்டியடியில். பொம்பர் விமானம் இரண்டு. முதலாவது குண்டுபோடப் பதிந்ததும் எல்லோரும் பங்கர்க் குழிகளுக்கு ஓடினார்கள். நான் ஓடவில்லை. தெற்கே தோட்டக்காணியில் இரண்டு குண்டு. செம்மண் எழும்பி விழுந்தது. ஒருவருக்கும் ஒன்றுமில்லை.

புழுதி அடங்கி வெளியே வந்தவர்கள் என்னைக் கண்டார்கள். அதே இடம். நிமிர்ந்தபடி. கையில் குவளை. ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை.

“அவ அசையவேயில்லையடா!”

மறுநாளே அது கதையாகிவிட்டது.

உண்மை இது. கால் வரவில்லை. ஓடு என்று சொன்னேன், அது கேட்கவில்லை. தண்ணீர் சிந்தாதது விரல்கள் இறுகிப்போனதால். கண்ணை மூடவும் முடியாமல், குண்டு கழன்று வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஓடியவர்கள் எல்லோரும் என்னைவிடக் குறைவாகப் பயந்தவர்கள்.

5.2.93, வெள்ளி

மாணவ தலைவரின் வேலை: கூட்டத்தில் அறிவித்தல் வாசிப்பது. பிந்தி வருபவர்களின் பெயர் எழுதுவது. பொம்பர் வந்தால் விசில் ஊதுவது.

முதல் இரண்டையும் எவரும் செய்யலாம். மூன்றாவது— ஊத வேண்டும், ஆறாம் வகுப்பிலிருந்து வரிசையாக இறக்க வேண்டும், கடைசிப் பிள்ளையும் இறங்கிய பிறகுதான் தலைவர் படுக்கலாம். பங்கர் ஒன்பது. காலைப் பள்ளிக்கூடம் தன் பிள்ளைகளுக்கென்று வெட்டியது. எங்கள் தொகை அவர்களைவிடக் கூட. அதனால் உயர்தர வகுப்புக்கு மதிலோரம்தான்.

விசில் பிந்தினால்—

8.2.93, திங்கள்

இன்னொருவரும் எலக்சன் கேட்கிறார். கனிசியஸ். மயிலிட்டிப் பெடியன், என் வகுப்புத்தான், இப்போது அகதி முகாமில் இருக்கிறான். அன்று முதலில் ஓடியவன் அவன். “ஓடுங்கோ, ஓடுங்கோ” என்று கத்திக்கொண்டு ஓடினான்.

வகுப்பில் கூவினார்கள்.

“உவனுக்கு எலக்சன் என்னத்துக்கு? மரதன் ஓட்டத்துக்குப் பேரைக் குடுங்கோ.”

“தங்கச்சியை விட்டிட்டு ஓடினவன்!”

அவனுடைய தங்கச்சி அற்புதராணி ஆறாம் வகுப்பு. அன்று பங்கருக்குள் இறங்காமல் வெளியே நின்றுவிட்டாளாம். ஓடியதற்கு மட்டும் அவன் பதில் சொன்னான்:

“ஓம், ஓடினனான்தான். நீங்களெல்லாம் எனக்குப் பின்னாலைதானே வந்தனீங்கள்?”

ஒருவரும் வாயால் சொல்லாத காரணம் இன்னொன்றும் உண்டு. அவன் கடற்கரை, மீன்பிடிக்கிற ஆக்கள். எங்களில் கனபேர் தோட்டக்காரர். இரண்டரை வருஷம் ஒரே வரிசையில் நின்று சோறு வாங்கியும் அது மறக்கவில்லை. அந்த வாக்கும் எனக்குத்தான் விழப்போகிறது. அதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

9.2.93, செவ்வாய்

பெயரைக் கொடுத்துவிட்டேன். அதிபர் கேட்டார், “ஓம் சேர்” என்றது வாய்.

வாய் மட்டுமா? அந்த மேசைத் தட்டல் எனக்குப் பிடித்திருந்தது.

10.2.93, புதன்

“பொம்பிளைப் பிள்ளை, விசிலோடை வெளியிலை நிண்டு சாகப் போறியோ?” என்று அம்மா காலை முழுக்கப் பேசினா. பிறகு வேலிக்கு அங்கால் உள்ளவரிடம், “எங்கடை சின்னவள் பயப்பிடாதவள்” என்றும் சொன்னா. இரண்டும் என் காதில் விழுந்தன. இரண்டிலும் அம்மா உண்மையாகத்தான் இருந்தா.

12.2.93, வெள்ளி

தொட்டியடியில் அற்புதராணியும் இன்னும் இரண்டு சின்னப் பிள்ளைகளும்.

“அக்கா, எங்கடை வோட் உங்களுக்குத்தான்.”

“அண்ணைக்கு இல்லையோ?”

“அண்ணை ஓடினவர். நாங்கள் ஓடயில்லை.”

“நீங்கள் அண்டைக்கு எங்கை நிண்டனீங்கள்?”

“உங்களுக்குப் பின்னாலை, அக்கா. நீங்கள் நிண்டபடியாத்தான் நாங்களும் நிண்டனாங்கள்.”

பெருமையோடு சொன்னாள். பல் எல்லாம் தெரிய.

மூன்று பேர். எனக்குப் பின்னால். நான் காணவில்லை. அன்று தலையும் திரும்பவில்லை.

கடவுளே, நான் என்ன செய்து வைச்சிருக்கிறன். குண்டு கொஞ்சம் இங்காலை விழுந்திருந்தா? நாளைக்கு என்ரை கையிலை விசிலைத் தந்தா? மூண்டு பேர் இல்லை, முழுப் பள்ளிக்கூடமும் என்னைப் பாத்துக்கொண்டு நிக்கும். நான் மரம் மாதிரி நிப்பன். அதுகளும் நிக்குங்கள்.

13.2.93, சனி

சாப்பிட முடியவில்லை.

அக்கா கம்பஸிலிருந்து கொண்டுவந்த புத்தகத்தில் அச்சத்தைப் பற்றி ஓர் அத்தியாயம். அச்சத்துக்கு ஒரு பொருள் உண்டு, பதற்றத்துக்கு இல்லையாம். பதற்றத்தில்தான் மனிதன் தன்னை அறிகிறானாம். மூன்று தரம் வாசித்தேன். எழுதியவர் முற்றத்தில் நின்றவர் இல்லை. என் பயத்துக்குப் பொருள் உண்டு. அந்தப் பொருளுக்கு இரண்டு செட்டை உண்டு. அதில் நான் அறிந்துகொண்டது என் கால்களை மட்டும்.

திங்கட்கிழமை மேடைப் பேச்சு. எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிடுகிறேன். வெட்கம் ஒருநாள்.

15.2.93, திங்கள்

சொன்னேன்.

முதலில் கனிசியஸ். “பொம்பர் வந்தா நான் ஓடுவன். ஊதிக்கொண்டு ஓடுவன். பின்னாலை வாங்கோ.” அவ்வளவுதான். சிரிப்பு. கூவல்.

பிறகு நான். “நான் துணிந்தவள் இல்லை. அன்று பயத்தில்தான் நின்றேன். கால் வரவில்லை. இந்தப் பதவிக்கு எனக்குத் தகுதி இல்லை. தயவுசெய்து எனக்கு வாக்களிக்க வேண்டாம்.”

சொல்லி முடித்தேன். நிம்மதியாக இருந்தது.

பிறகு கைதட்டல். நிற்கவேயில்லை. தமிழ் படிப்பிக்கும் ஆழ்வாப்பிள்ளை சேர் எழும்பி மேடைக்கே வந்துவிட்டார். கண்ணெல்லாம் ஈரம்.

“பிள்ளையள், அவையடக்கம் அவையடக்கம் எண்டு படிச்சனீங்கள்தானே? இதுதான் அது. நிறைகுடம் தளம்பாது. அண்டைக்கு இவளின்ரை கையிலை இருந்த தண்ணியும் தளம்பயில்லை!”

மேடையில் ஏறிய எவர் தனக்குத் தகுதி உண்டு என்று தொடங்கியிருக்கிறார்? சிறியேன், அறியேன், பிழை பொறுப்பீர். அதே படியில்தான் நானும் ஏறினேன். உண்மையைச் சொல்வதற்கு அதைவிட மோசமான இடம் இல்லை.

இறங்கும்போது கனிசியஸைக் கண்டேன். அவன் மட்டும் தட்டவில்லை.

16.2.93, செவ்வாய்

பழைய சோதனைத் தாள்களைக் கிழித்து, எழுதாத பக்கத்தில் வாக்கு. எனக்கு 317. அவனுக்கு 58.

பட்ஜைச் சட்டையில் குத்தினார்கள். விசிலைக் கழுத்தில் போட்டார்கள். வாய் வைக்கும் இடத்தில் பழைய தலைவனின் பல் அடையாளம் இருக்கிறது. அவனும் கடித்திருக்கிறான்.

17.2.93, புதன்

கிணற்றடியில் ஊதிப் பார்த்தேன். வருகிறது. வாய் ஈரமாக இருக்கும்வரை.

18.2.93, வியாழன்

ஹெலிகொப்டர்ச் சத்தம். பலாலிப் பக்கம், தூரத்தில். இங்கே வரவில்லை.

ஆனால் கேட்டவுடன் விசிலை எடுத்தேன். அது வாய்க்குப் போகவில்லை. கை நெஞ்சோடு நின்றுவிட்டது. சத்தம் போய் எவ்வளவோ நேரத்துக்குப் பிறகும் கை அங்கேயே. பக்கத்தில் இருந்தவள், “என்ன கும்பிடுறியோ?” என்று சிரித்தாள்.

19.2.93, வெள்ளி

பள்ளிக்கூடம் விட்டபின் சைக்கிள் கொட்டிலுக்குப் போனேன். கனிசியஸ் குனிந்து காற்றடித்துக்கொண்டிருந்தான்.

“நீர் மேடையிலை சொன்னது எனக்கு விளங்கினது” என்றான், நான் வாய் திறக்குமுன்.

“எப்பிடி?”

“அண்டைக்கு மதிலோரம் படுத்திருந்து உம்மடை முகத்தைப் பாத்தனான். உந்த முகம் எனக்குத் தெரியும். என்ரை சித்தப்பா. ஹெலி வரேக்கை வலையைப் பிடிச்சபடி அப்பிடியே நிண்டவர். நான் வள்ளத்தாலை குதிச்சிட்டன்.”

சித்தப்பாவுக்கு என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. அவன் மறுபடி காற்றடித்தான்.

“அற்புதராணி என்னைப் பாத்துத்தான் நிண்டவள்” என்றேன். “அவளே சொன்னவள். பழி உமக்கு வந்திட்டுது.”

காற்றடித்த பம் நின்றது.

“பின்னாலை வாறாள் எண்டு நினைச்சன்” என்றான். அவன் ஏசியிருந்தால் நல்லாக இருந்திருக்கும்.

விசிலைக் கழற்றி நீட்டினேன். “இது உம்மட்டை இருக்கட்டும். பட்ஜையும் தாறன்.”

“பட்ஜ் வேண்டாம். உந்தத் தகரம் குத்தினா என்ரை சேட்டு கிழிஞ்சுபோம். இருக்கிறதே ஒண்டு.” விசிலைத் துடைத்துச் சட்டைப் பைக்குள் போட்டான். “நான் ஊதினா நீர் என்ன செய்வீர்?”

“நிப்பன். வேறை என்ன?”

யோசித்தான். “காலிலை ஒரு கல்லாலை எறிஞ்சா? மாடு வரும்.”

சிரித்துவிட்டேன். மூன்று கிழமைக்குப் பிறகு.

அதிபரிடமும் போய்ச் சொன்னோம். “தலைவி பொறுப்பைப் பகிர்ந்து குடுக்கிறா. நல்ல பழக்கம்” என்றார். விட்டுவிட்டேன்.

22.2.93, திங்கள்

ஆறாம் வகுப்புக்குப் போனேன். மேடை இல்லை. வாங்கில் அவர்களோடு இருந்து சொன்னேன்.

“விசில் கேட்டா என்னைப் பாக்கக் கூடாது. நான் நிண்டாலும் நீங்கள் நிக்கக் கூடாது. கனிசியஸ் அண்ணைக்குப் பின்னாலை ஓட வேணும்.”

“ஏனக்கா?”

“பயம் வந்தா எனக்குக் கால் வராது.”

அற்புதராணிதான் முதலில்: “எனக்கு மூத்திரம் வரும், அக்கா.”

ஒருவனுக்கு விக்கல் வருமாம். ஒருத்திக்குச் சிரிப்பு வருமாம், அடக்கவே ஏலாதாம். ஒவ்வொருவராகச் சொல்லி முடிய மணி அடித்துவிட்டது. ஒருவரும் கைதட்டவில்லை. நம்பிவிட்டார்கள்.

24.2.93, புதன்

வானம் வெறுமை. நாள் முழுக்க அண்ணாந்து பார்த்துக் கழுத்து நோகிறது.

5.3.93, வெள்ளி

நேற்று நடந்ததை இன்றுதான் எழுதுகிறேன்.

மூன்று மணி இருக்கும். முற்றம் நிறையப் பிள்ளைகள். எனக்குக் கேட்குமுன் அவனுக்குக் கேட்டிருக்கிறது. விசில். ஓடிக்கொண்டே ஊதினான். ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு, எட்டு— வாய்க்காலைத் திறந்துவிட்டதுபோல வடிந்து இறங்கினார்கள்.

எனக்குக் கால் வரவில்லை.

ஆனால் இம்முறை தலை திரும்பியது. மெல்ல, மெல்லத்தான். பின்னால் பார்த்தேன். தொட்டியடியில் ஒரு தண்ணீர்ப் போத்தல் உருண்டுகொண்டிருந்தது. வேறு ஒன்றுமில்லை. ஒருவரும் என்னோடு நிற்கவில்லை.

பிறகு கணுக்காலில் கல். மதிலோரம் படுத்திருந்தபடி எறிந்திருக்கிறான். “வாருமன்!” இரண்டாவது முழங்காலில். கால் வந்தது. விழுந்தேன், தவழ்ந்தேன், மதிலோடு போய் ஒட்டினேன்.

குண்டு வடக்கே எங்கோ. எங்களுக்கு அதிர்வு மட்டும்.

கணுக்கால் வீங்கியிருக்கிறது. அம்மா உப்பு ஒத்தணம் பிடித்தா. “தலைவியா வந்து ஒரு மாசம் ஆகயில்லை” என்றா.

இன்று வகுப்பில் ஆழ்வாப்பிள்ளை சேர் சொன்னாராம், கடைசிப் பிள்ளை இறங்கும்வரை அருந்ததி அசையாமல் நின்றாள் என்று. நான் மறுக்கப் போகவில்லை. ஆறாம் வகுப்புக்குத் தெரியும்.

இடைவேளையில் அற்புதராணி வந்தாள். சுற்றிவரப் பார்த்துவிட்டு, சட்டைப் பைக்குள் கைவிட்டு எடுத்து விரித்துக் காட்டினாள். நாலு கல். சின்னது, உருண்டை, கழுவியிருந்தது.

“அண்ணை வராத நாளிலை நான் எறிவன், அக்கா.”