வேலியோரக் காடைகள்

இன்று காலை வேலைக்குப் போகும் பேருந்தில் ஜன்னல் வழியாகப் புல் வெட்டிய வாசம் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த புதுப்பெண் மூச்சை இழுத்து, "வாசமா இருக்குல்லக்கா" என்றாள். நான் எட்டி வெளியே பார்த்தேன். யார் வெட்டினார்கள், எந்தத் திடலில், யார் சொல்லி? ஒரு வாசத்தைக்கூட நிம்மதியாக முகர முடியாதபடி என்னை ஆக்கிவிட்டுப் போய்ச் சேர்ந்தாய். நல்லாச் செய்தாய் போ.

பாயான் லெப்பாஸில் நம் தொழிற்சாலைக்குப் பின்னால், விமான நிலைய வேலியை ஒட்டிய அந்தத் திடலைத்தான் சொல்கிறேன். நம் காடைகள் இருக்கும் இடம். முட்டைக்காகக் கூண்டில் வளர்க்கிற காடை இல்லை. புல்லுக்குள்ளேயே பிறந்து புல்லுக்குள்ளேயே ஓடி ஒளிகிற சின்ன வகை. அதில் பெட்டைதான் குரல் கொடுக்கும், தூரத்தில் யாரோ மோட்டார் சைக்கிள் ஓட்டிப்போவது போல. முட்டையிட்டதும் ஆணிடம் ஒப்படைத்துவிட்டு நடையைக் கட்டிவிடும். முதன்முதலில் அதைக் கண்டபோது நீ சிரித்த சிரிப்பில் அடைகாத்துக்கொண்டிருந்த ஆணே எழுந்து ஓடிவிட்டது. "அப்பன்காரன் அடைகாக்குறான் பாரு. நம்ம வீட்ல டீ கலக்கச் சொன்னாலே மூஞ்சி சுண்டிப் போவுது" என்றாய்.

நாம் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படிப்பட்ட திடல்கள் சுற்றிலும் கிடந்தன. ஒன்றில் கட்டடம் எழும்பியது, ஒன்று கார் நிறுத்துமிடமானது. மிஞ்சிய இடங்களுக்குக் காடை பிடிக்கிற வலைக்காரர்கள் வந்தார்கள். பெட்டையின் குரலைக் கைப்பேசியில் ஓடவிட்டு வலையோரம் குந்தியிருப்பார்கள். அதன்பிறகு நீ ஒருவரையும் நம்பவில்லை. கேமராவோடு வருகிறவனைப் பார்த்தால், "இன்னிக்குப் படம் போடுவான், நாளைக்கு ஊரே வந்து நிக்கும்லா" என்பாய். செண்டோல் ஐஸ் விற்கிற வண்டிக்காரர் நிழலுக்கு ஒதுங்கினாலும் முறைப்பாய். புல் வெட்ட வந்தவரிடம், வேலி மூலையில் நாகம் இருப்பதாக முகம் மாறாமல் புளுகினாய். அந்த மூலைப் பக்கம் அவர் மெஷினைக் கொண்டுபோனதே இல்லை.

நமக்கென்று ஒரு வழக்கமும் வைத்திருந்தோம். யார் வந்தாலும் கூட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டும். கேட்டால், "பிளேன் பாக்குறோம்." கேன்டீனில் நமக்குப் பிளேன் அக்கா என்று பெயரே விழுந்துவிட்டது. உன் வீட்டுக்காரரிடமும் அதையேதான் சொல்லி வைத்திருந்தாய். ஆயர் ஈத்தாமில் உங்கள் வீட்டு வாசலில் மெர்போக் புறாக் கூண்டைத் தொங்கவிட்டு, அது கூவுவதைக் கேட்டு உட்கார்ந்திருப்பாரே மனுஷர். "கூண்டு வச்சிருக்கிற ஆளு. என் புருஷனா இருந்தா என்னா, அவர்கிட்ட வாயத் தொறந்துறாத" என்றாய்.

வேலை முடிந்ததும் நேராகத் திடலுக்கு ஓடினேன். சாலையோரம் மட்டும்தான் வெட்டியிருந்தார்கள். மூலை பத்திரம். அப்பாடா என்று திரும்பினால், உன் வீட்டுக்காரர் நிற்கிறார்.

ஆள் பாதியாக இளைத்திருந்தார். அதைக்கூட இரண்டாவதாகத்தான் கவனித்தேன். முதலில் கண்ணில் பட்டது அவர் தோளில் தொங்கிய பை. உள்ளே வலை மடித்து வைத்ததுபோலப் புடைத்திருந்தது.

"என்னாண்ணே இந்தப் பக்கம்?"

"சும்மாதான் தங்கச்சி."

அந்தச் 'சும்மா' எனக்குப் பிடிக்கவில்லை. "மெர்போக் எப்படி இருக்கு?" என்று ஆழம் பார்த்தேன்.

"அத குடுத்துட்டேன். அவளுக்குத்தான் கூண்டு புடிக்காதே."

யாருக்குக் கொடுத்தார்? நிஜமாகவே கொடுத்தாரா? கேட்க வாயெடுத்தபோது மூலையிலிருந்து பெட்டை கூப்பிட ஆரம்பித்தது. எனக்கு உயிரே போய்விட்டது.

"என்னா சத்தம் அது?"

"ரோட்டுல மோட்டர் போவுதுண்ணே."

அவர் தலையாட்டினார். பிறகு, "இங்க வந்துட்டு வீட்டுக்கு வந்தான்னா அவ முகமே வேற மாதிரி இருக்கும். பிளேன்ல அப்படி என்னாத்தக் கண்டா? கூட நின்னு பாத்ததே இல்ல நான். அதான் வந்தேன்" என்றார்.

சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். கையைப் பிடித்து மூலைக்குக் கூட்டிப்போய், இதைத்தான் பார்த்தாள் என்று காட்டியிருக்கலாம். நாக்கு வரை வந்தது. ஆனால் இனி நமக்கு வேறு திடல் இல்லை. ஒரே ஒரு வலை போதும், எல்லாம் முடிந்துவிடும்.

ஒரு விமானம் எழும்பியது. அவர் அண்ணாந்து, அது கடல் பக்கம் புள்ளியாகி மறையும்வரை பார்த்தார். "நல்லாதான் இருக்கு" என்றார். அடுத்த வாரமும் வருவதாகச் சொன்னார்.

இப்போது உன் மேலேயே எனக்குச் சந்தேகம். கூண்டுக்குப் பயந்துதான் அவரிடம் மறைத்தாயா? இல்லை, அவர் கலக்காத ஒரு சந்தோஷம் உனக்கென்று வேண்டியிருந்ததா? இதை நீ இருக்கும்போதே கேட்டிருப்பேன், தோன்றவில்லை.

காடைகள் இருக்கின்றன. அது போதும் உனக்கு. என் நிலைமையைக் கேள்: விமானம் மறைந்த பிறகும் அவர் தலையை இறக்கவில்லை. கன்னத்தில் கண்ணீர் ஓடியது. துடைக்கக்கூட இல்லை. நான் பக்கத்திலேயே நின்று, அவர் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.