ஹெட் கோச் வீட்டுக்குப் போன் பண்ணினார்

பிப்ரவரி 2, திங்கள்

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் சரி, கெஞ்சிக் கேட்கிறேன், அம்மாவிடம் காட்டாதீர்கள். போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

"பத்தாவது வந்தாச்சு, இனி வாலிபால் கிடையாது" என்றாள் அம்மா. நான் நிறுத்தவில்லை. பள்ளிப் படிவத்தில் அப்பா படிக்காமலேயே கையெழுத்துப் போட்டார். அம்மாவிடம் "ஸ்கூல் முடிஞ்சு கோச்சிங்" என்றேன். மேத்ஸ் கோச்சிங் என்று அவளே நினைத்துக்கொண்டாள். இது பொய்யா?

இன்று எங்கள் ஹெட் கோச் கிளிபோட் சார் ஒஷாவா ஊர்ப் பள்ளிக்கு மாறிப் போய்விட்டார். மூன்று வருஷம் அசிஸ்டன்டாக வலை கட்டி, பந்து பொறுக்கிய சுபாங்கி மிஸ்தான் இனி ஹெட் கோச். நாங்கள் கத்திய கத்தலில் மிஸ் விசில் ஊதவே மறந்து நின்றார். பிறகு, "என்ன பிள்ளையள் பாக்கிறியள், ஓடுங்கோ."

பிப்ரவரி 4

நான் முதல் ஆறு பேரில். செட்டர் — அடிப்பவளுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவள். கிளிபோட் சார் என்னைப் பெஞ்சைவிட்டு எழுப்பியதே இல்லை. தூக்கமே வரவில்லை.

பிப்ரவரி 6

செத்தேன். மிஸ் எல்லா வீட்டுக்கும் போன் பண்ணப்போறாங்களாம். வேண்டாம் மிஸ்னு சொன்னேன். "ஏன், கொம்மா என்னைக் கடிச்சுப்போடுவாவோ?"

பிப்ரவரி 8

பண்ணிட்டாங்க. அம்மா முகமெல்லாம் சிரிப்பு. "ஹெட் கோச்சே பேசினாங்கடி. செட்ல உன்னை அடிச்சுக்க ஆளில்லையாம். பிளஸ் ஒன் மேத்ஸ்ல எனக்கு அந்த செட் தியரிதான் வராது. வியாழக்கிழமை வரச் சொன்னாங்க, லீவு போட்டுட்டேன்."

வியாழக்கிழமை மேட்ச். மிஸ்ஸோட முதல் மேட்ச். உண்மையைச் சொன்னா என்னை அனுப்பமாட்டா. சொல்லலன்னா?

பிப்ரவரி 11

சொல்லவில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

ஜெயித்துவிட்டோம். கடைசி செட் 15–13.

முதல் பந்துக்கு முன்னாலேயே அம்மா ஜிம் வாசலில் நின்றாள். கையில் மைசூர்பாகு டப்பா, கண் என் ஷார்ட்ஸில். "இதுதான் கோச்சிங்கா?"

"ஓம் அக்கா, நான்தானே கோச்" என்று மிஸ் முன்வரிசையில் உட்காரவைத்தார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. முதல் இரண்டு பந்தையும் வலையிலேயே போட்டேன். மூன்றாவது பந்திலிருந்து தவறவில்லை.

வீடு இருக்கும் மல்வேர்ன் வரை பஸ்ஸில் அம்மா மைசூர்பாகு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்தாள். சாப்பாடு போட்டுவிட்டு அறைக்குப் போய்விட்டாள். அடுத்த மேட்ச் செவ்வாய்க்கிழமை. விடுவாளா? மாட்டாளா? நான் அழுதால்—

கதவைத் தட்டுறா. "ப்ரியா, தூங்கிட்டியா? அந்த ஜெர்சிய எடு, மெஷின் போடறேன். செவ்வாய்க்கிழமை வேணும்ல."