உள்ளே போக இரண்டு பேர்

மார்ச் 2

அன்புள்ள ஏணிச் சித்தப்பாவுக்கு,

வாலு எழுதுகிறேன். உங்கள் முதுகுவலியும் சர்க்கரையும் சொன்ன பேச்சைக் கேட்கின்றனவா? ஃபோனை எடுக்க மாட்டேன் என்று நீங்கள் அடம்பிடிப்பதால் நான் பேனாவை எடுத்தேன்.

அப்பா போய் ஒரு மாதம் ஆகிறது. பதினாறாம் தேதி, ஞாயிறு காலை பத்து மணிக்கு, தீயணைப்பு நிலையத்தில் அவர் படத்தைத் திறக்கிறார்கள். முப்பத்தொரு வருடம் அங்கே வேலை பார்த்தவர்; கூடவே ஏணி தூக்கிய உங்களுக்குத் தெரியாததா? கல்யாணத்துக்குப் போனாலும் மணமக்களைப் பார்க்கும் முன் வெளியே போகும் வழி எங்கே என்று பார்ப்பார். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். டியூட்டி முடிந்து வந்து, புகை நாற்றம் போகாத கையால் எனக்கு இரட்டைப் பின்னல் போடுவார், கோணல்மாணலாக. இதையெல்லாம் பேச ஆள் இருக்கிறது.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன் உங்கள் தம்பியைக் கொண்டுபோன பெயிண்ட் கிடங்குத் தீயைப் பற்றிப் பேசத்தான் ஆள் இல்லை. "என் புருஷனைச் சாக விட்டவன் படத்தை மாட்டினா நானே வந்து உடைப்பேன்" என்று உங்கள் தம்பி மனைவி ஸ்டேஷன் வாசலில் கத்திவிட்டுப் போயிருக்கிறார். ஊரும் அதையே மெல்லுகிறது. அன்றைக்கு அப்பாவோடு அங்கே நின்றது நீங்கள் ஒருவர்தான். வேறு வழியில்லை என்று ஒரு வார்த்தை வந்து சொல்லுங்கள். என் அப்பா கொலைகாரர் இல்லை என்று எனக்குத் தெரிய வேண்டும்.

உங்கள்
வாலு

மார்ச் 6

வாலுவுக்கு,

நான் வரவில்லை.

நடந்ததைக் கேட்டுக்கொள். மற்றவர்கள் கிடங்கின் பின்பக்கம் இருந்தார்கள். உன் அப்பாவும் என் தம்பியும் முன்வாசல் வழியாக உள்ளே போனார்கள். தம்பி இடுப்பில் கட்டிய கயிறு என் கையில். உள்ளே போகிறவனின் உறவுக்காரன் கையில் கயிறு தரக் கூடாது என்பது உன் அப்பாவே போட்ட சட்டம். அன்று ஆள் குறைவு, அவரே தந்தார். காவலாளியைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் வெளியே வந்தார். தம்பி வரவில்லை. டின்கள் வெடித்தன. இழுத்தேன், கருகிய நுனிதான் வந்தது. "அண்ணா! அண்ணா!" என்று உள்ளே இருந்து கத்தினான்.

முகமூடிகூட இல்லாமல் ஓடினேன். உன் அப்பா என் சட்டையைப் பிடித்து இழுத்துத் தாடையில் குத்தினார். திமிறினேன், இன்னொரு குத்து. மூன்று பல் மண்ணில் விழுந்தது. கூரை இறங்கும்வரை என்னை எழ விடவில்லை. மறுநாள் தம்பியைக் கோணியில் அள்ளினோம்.

விசாரணையில் "நான்தான் அவனை அமுக்கிப் பிடிச்சேன்" என்று அவரே ஒப்புக்கொண்டார். இருபத்திரண்டு வருடமாக உங்கள் வீட்டுப் படி மிதிக்காதவன், இப்போது மாலை போடவா வருவேன்? அம்மாவைப் பார்த்துக்கொள்.

ஏணி

மார்ச் 9

சித்தப்பா,

உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் நான் பார்த்ததையும் கேளுங்கள். எனக்கு ஒன்பது வயது. உங்கள் தம்பி மனைவி எங்கள் வாசலில் வந்து அப்பாவைச் செருப்பால் முகத்திலேயே அடித்தார். உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். கோடாரியால் கதவைப் பிளக்கிற கை அது, தூக்கவே இல்லை. தடுக்கப் போன அம்மாவிடம், "விடு, அவ அடிக்கட்டும்" என்றார். அந்த ஆத்திரத்தில் நான் உங்கள் ஜன்னல் கண்ணாடியை உடைத்தது தனிக் கதை.

ஆஸ்பத்திரியில் கடைசியாக அவர் சொன்னது இதுதான்: "ஏணி எப்பவாவது வந்தா, அவனைக் குத்தம் சொல்லாதீங்கம்மா." அடி வாங்கியது நீங்கள். தம்பியைப் பறிகொடுத்தது நீங்கள். உங்களை நாங்கள் எதற்குக் குற்றம் சொல்ல வேண்டும்? மண்டையைக் குடைகிறது சித்தப்பா. பதில் போடுங்கள்.

வாலு

மார்ச் 13

வாலு கண்ணு,

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன்.

நான் எழுதியது பொய். இரண்டு குத்து நிஜம். முகமூடி இல்லாமல் ஓடுகிறவனை வேறெப்படி நிறுத்துவது? ஆனால் அவர் என்னை அமுக்கிப் பிடிக்கவில்லை. வண்டிக்கு ஓடி இன்னொரு முகமூடியைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார். "எழுந்திரு. ஒருத்தன் போனா தூக்க முடியாது, ரெண்டு பேரும் போவோம்" என்றார். தம்பி இன்னும் கத்திக்கொண்டிருந்தான். கதவு வழியாகப் பார்த்தேன், தரையே எரிந்தது. பல் போச்சு, பல் போச்சு என்று வாயைப் பொத்திக்கொண்டு உருண்டேன். பயம், கண்ணு. சுத்தப் பயம். என்னை ஒரு பார்வை பார்த்தார். தனியாகவே உள்ளே போனார். நாலு எட்டு வைத்திருப்பார், கூரை இறங்கியது. அவர் முதுகு வெந்தது அப்போதுதான்.

ஆம்புலன்ஸில் குப்புறப் படுத்தபடி சொன்னார்: "நான் பிடிச்சேன்னு சொல்லிடறேன். நீ அந்தப் பொண்ணு மூஞ்சில முழிக்கணும், அவ குழந்தையைத் தூக்கி வளர்க்கணும்." சொன்னபடியே செய்தார். அவர் முகத்தில்தான் என்னால் முழிக்க முடியவில்லை. ஊர் அதைக் கோபம் என்றது. நானும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன், பாவி.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தம்பி மனைவி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். அவளுடைய மகனும் இருப்பான். அப்பனைப் போலவே முரட்டு ஆள். அங்கிருந்து நடக்க முடிந்தால் ஸ்டேஷனுக்கு வருகிறேன். பத்து மணிக்குள் வரவில்லையென்றால் எனக்காகக் காத்திருக்காதே. படத்தைத் திறந்துவிடுங்கள்.

சித்தப்பா