ஒரு கட்டில் போனால் எல்லாம் போகுமா

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். நீ அங்கே உடம்பாலும் மூளையாலும் நலமா? உடம்பைப் பற்றிக் கவலையில்லை, மூளை விஷயத்தில்தான் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

நீ நம் கடை வெப்சைட்டை மாற்றி எழுதிய நாளிலிருந்து நோயாளிக் கட்டில் வாடகைக்குக் கேட்டு ஒரு போன்கூட வரவில்லை. ஊரில் எல்லோருக்கும் குணமாகிவிட்டது போல என்று அப்பா சந்தோஷப்பட்டார். உன்னைக் கேட்டதற்கு, எல்லாம் சரியாத்தான் இருக்கு, உனக்குப் புரியாதும்மா என்றாய். புரிந்துகொண்டுதான் பார்ப்போமே என்று தபால் நிலையத்துக்கு எதிர்மாடியில் நடக்கும் கம்ப்யூட்டர் புரோகிராம் வகுப்பில் சேர்ந்தேன். சொல்லித்தருகிறவன் கீபோர்டு மேலேயே சிப்ஸ் தின்கிற ஆள், கார் ஒரு கிளாஸ், உங்க சிவப்புக் கார் ஒரு ஆப்ஜெக்ட் என்று தினமும் அதே காரை ஓட்டுகிறான், அந்த அறையில் ஒருவரிடமும் கார் கிடையாது. நான் மனத்துக்குள் காரைத் தள்ளிவிட்டுக் கட்டிலைப் போட்டுக்கொண்டேன். கட்டிலுக்கு என்னென்ன இருக்கும் என்று ஒரே தரம் எழுதிவைப்பது கிளாஸ், அதிலிருந்து உண்டாக்கும் ஒவ்வொரு கட்டிலும் ஆப்ஜெக்ட், ஒன்று வாடகைக்குப் போயிருக்கும் இன்னொன்று கடையில் நிற்கும், அதனதன் நிலைமை அதனதனுக்கு. இவ்வளவுதானா? இதற்கா கழுத்தில் கம்பெனி அட்டையைத் தொங்கவிட்டுப் போட்டோ அனுப்பினாய்?

பிறகு நீ எழுதியதைத் திறந்து பார்த்தேன். வாடகைக்குப் போனதா என்பதைக் கட்டிலுக்குக் கட்டில் தனியாக வைக்காமல், ஸ்டேட்டிக் என்று போட்டு எல்லாவற்றுக்கும் பொதுவாக்கி வைத்திருக்கிறாய். ஒன்று வெளியே போனதும் அத்தனையும் போனதாகக் காட்டுகிறது. கடைக்குள் கட்டில் காலில் இடித்துக்கொண்டு நான் நடக்கிறேன், வெப்சைட்டில் கட்டிலே இல்லை. இந்தத் தப்பைப் பண்ணாதீங்க என்று அந்தச் சிப்ஸ்காரனே ஆரம்பத்தில் சொல்லிவிட்டான், பெரிய கம்பெனியில் உனக்குச் சொல்ல ஆளில்லை பாவம். நானே திருத்திவிட்டேன்.

மறுநாள் பள்ளி வேன் ஓட்டும் பெண் ஒருத்தி ஊன்றுகோல் வாங்க வந்தாள். இடுப்பில் ஆபரேஷன் ஆன அவள் அப்பாவை, நான் திருத்துவதற்கு முன் நம் வெப்சைட்டைப் பார்த்துக் கட்டில் இல்லையென்று தரையில் படுக்கவைத்திருக்கிறாள், தூக்கி உட்காரவைக்கும்போது தையல் பிரிந்துவிட்டது. வரிசையாக நிற்கும் கட்டில்களைப் பார்த்து, இவ்வளவு இருக்கே, ஏன் இல்லைன்னு போட்டீங்க, யாருங்க இதைப் பண்ணினது என்று கேட்டாள். தொழில் தெரியாத எவனோ என்றேன். என் பிள்ளை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. கட்டிலை அப்போதே கொண்டுபோய்ப் போட்டோம்.

நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு, வேளைக்குச் சாப்பிடு, அதிலாவது கவனம் இருக்கட்டும். அவள் நம்பரைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். நான்தான் பண்ணினேன் என்று நீயே அவளிடம் சொல். சொல்லும்வரை எனக்குப் போன் செய்யாதே.

இப்படிக்கு,
அம்மா