கையெழுத்தில்லாத அட்டைப்படம்

அச்சகத்திலிருந்து மாதிரிப் பக்கங்கள் இன்று வந்தன. உறையைப் பிரித்ததும் புது மையின் வாசனை. நீ இருந்திருந்தால் முதலில் மூக்கை வைத்து முகர்ந்துவிட்டுத்தான் படங்களைப் பார்த்திருப்பாய். நீ போய் நான்கு மாதம் ஆகிறது. நம் புகைப்பட வட்டம் போடும் இந்தப் புத்தகத்தில் இருப்பதெல்லாம் உன் படங்கள்தான்.

அட்டையில் நீ கடைசியாக எடுத்தது. செவிலிமேடு பஸ் ஸ்டாப்பில் தனியாக உட்கார்ந்து, புறங்கையால் கண்ணைத் துடைக்கும் பெண். உன் மேசை டிராயரில் கிடந்ததை நான்தான் எடுத்துச் சேர்த்தேன். பண உதவி செய்யும் சென்னை அறக்கட்டளைக்காரர்கள் பார்த்துவிட்டு, வேறு அட்டையே வேண்டாம் என்றார்கள். குறிப்பு எழுதலாமென்று இன்று உன் பிரிண்டைத் திருப்பினேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

படத்தில் இருப்பவர் பார்த்து, பின்னால் கையெழுத்துப் போட்டால்தான் நம்மிடம் எதுவும் அச்சுக்குப் போகும். அந்த வழக்கமே என் அவசரத்தால் வந்ததுதானே. மாகறல்காரர் ஒருவர் சட்டையில்லாமல் தூங்கும் படத்தை முதல் புத்தகத்தில் கேட்காமல் போட்டேன். அவர் குடித்துவிட்டுக் கிடப்பதாக ஊரே பேசியது. அவர் வீட்டு வாசலில் நின்று திட்டு வாங்கியது நீ. திரும்பும்போது பஸ்ஸில் சொன்னாய்: "இனிமே அவங்க பாக்காம ஒரு படமும் ஏறக்கூடாதுடி. நானே எடுத்திருந்தாலும்."

அப்படிச் சொன்னவளின் படமாயிற்றே என்று, சேர்க்கும்போது திருப்பிப் பார்க்காமல் விட்டேன். இன்று நாலு மணிக்கு அட்டை அச்சாகிவிடும். நெகட்டிவ் இருந்த உறையின் மேல் 'கூரம், டெய்லர்' என்று உன் கிறுக்கல். பிரிண்டையும் அந்த உறையையும் பையில் போட்டுக்கொண்டு கூரத்துக்கு ஸ்கூட்டியை எடுத்தேன். வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டே போனேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடிப்பதற்குள் மூன்றரை ஆகிவிட்டது.

தையல் மிஷினை விட்டு எழுந்து வந்தவர், படத்தைப் பார்த்ததும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்.

"அந்தக்கா அப்பவே எடுத்துக்கினு வந்தாங்களே. வேணாம்னு சொல்லிட்டேன். அன்னிக்கு நான் அழுதது எங்க வூட்ல ஒருத்தருக்கும் தெரியாதும்மா. கிழிச்சிடறேன்னு சொல்லிட்டுத்தான் போனாங்க."

அங்கிருந்தே அச்சகத்துக்குப் போன் செய்தேன். மெஷினில் தாள் ஏற்றிவிட்டதாகக் கத்தினார்கள். நிறுத்தச் சொன்னேன், கணினியில் இருப்பதையும் அழிக்கச் சொன்னேன்.

"என் எதிர்லயே கிழிச்சிடுங்கம்மா" என்றார் அவர்.

கை வரவில்லை. அவர் காத்திருந்தார். கிழித்தேன். துண்டுகளை வாங்கிக்கொண்டு, குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நெகட்டிவ் என்று ஒன்று இருப்பது அவருக்குத் தெரியாது. அது என் பையிலேயே இருந்தது. பேசாமல் வந்திருக்கலாம். தண்ணீரைக் குடித்து முடித்ததும் அதையும் எடுத்து, இது இருந்தால் எத்தனை படம் வேண்டுமானாலும் போடலாம் என்று சொல்லிக் கொடுத்துவிட்டேன். அவர் துணி வெட்டும் கத்தரியை எடுத்துவந்தார்.

அறக்கட்டளையிலிருந்து போன் மேல் போன். இன்னும் எடுக்கவில்லை. எடுத்தால் புத்தகமே நின்றுபோகலாம்.

நீ ஏன் கிழிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அவர் எதிரில் நிற்காவிட்டால் நானும் கிழித்திருக்க மாட்டேன். ஆனாலும் சொன்ன வார்த்தையை நீ காப்பாற்றவில்லை. அந்தக் கோபம் ஆறவில்லை, ஆறவேண்டும் என்றும் எனக்கு இல்லை. உன்னோடு சண்டை போட எனக்கு மிச்சமிருப்பது அது ஒன்றுதான்.