பன்னிரண்டாவது தாள்

தம்பிக்கு,

நலமா என்று கேட்கத் தோன்றவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் புள்ளிவிவர அலுவலகத்துக்கு நீ அனுப்பிய இறப்புச் சான்றிதழ்களில், பதினொரு பேருக்குக் காரணம் 'இதயம் நின்றது' என்று எழுதியிருந்தாய். செத்தவர்களில் யாருக்குத்தான் நிற்கவில்லை? வேறு டாக்டராக இருந்தால் அன்றே விளக்கம் கேட்டுத் திருப்பியிருப்பேன். போனில் மட்டும் கேட்டேன்.

"காய்ச்சல்னு எழுதினா ஆஸ்பத்திரிய மூடிடுவாங்கக்கா. விட்டுடேன்."

விட்டுவிட்டேன். பதினொன்றையும் இதய நோய் என்றே பதிந்தேன்.

காய்ச்சல் எங்கே பரவும் என்று அந்தப் பதிவுகளை வைத்துத்தான் கணிக்கிறார்கள். நம் ஊருக்குப் பூஜ்யம் வந்தது. தடுப்பூசியெல்லாம் வேறு ஊருக்குப் போய்விட்டது.

நேற்று என் தப்பை மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். சான்றிதழ்களைத் திருத்தச் சொல்லி உனக்கே அனுப்பியிருக்கிறேன். அந்தக் கட்டுக்குள் பன்னிரண்டு தாள் இருக்கும், தடுப்பூசி வராமல் போன பிறகு நீ அனுப்பிய ஒன்றையும் சேர்த்து. கடைசித் தாளை அம்மா எதிரில் பிரிக்காதே. "வயசாயிடுச்சும்மா, இதயம் நின்னுபோச்சு" என்று நீ சொன்னதை அவள் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

அந்த ஒன்றைப் பதிய மட்டும் எனக்குக் கை வரவில்லை. அப்பாவுக்கு வந்தது என்னவென்று நீயே உன் கையால் எழுது.

உன் அக்கா